பின் சக்கரங்கள்

முள் எண்பதைத் தொட்டதும் பின்சீட்டில் இருந்த சரண்யாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

அங்கே பிரேக் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கால் கேட்டால்தானே.

மடியில் மகள் இலக்கியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓட்டிக்கொண்டிருந்த வசந்த் கண்ணாடியில் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எந்த வண்டியை எடுத்தாலும் பிரேக் போடுங்க, பிரேக் போடுங்க என்று கத்துகிறவள் அவள். அவனுக்கு அது ரேடியோ மாதிரி பழகிவிட்டது.

இந்தச் சிவப்புக் கார் வந்த பிறகு அவள் பயம் இரண்டு மடங்கானது. பார்க்கத்தான் சின்ன வண்டி. மிதித்தால் சீறிக்கொண்டு போகும். போன மாதம் இலுப்பூர்க் கடைத்தெருவில் ஒரு வெள்ளாடு குறுக்கே ஓடியபோது, அவன் மிதித்தும் நிற்காமல், ஒரு பலசரக்குக் கடையின் படியை உரசித்தான் நின்றது. ஆடு பிழைத்துக்கொண்டது. சரண்யாவின் தூக்கம்தான் போனது.

அப்புறம்தான் பிரேக்கை மாற்ற வசந்த் சம்மதித்தான். மெக்கானிக் நாகராசு கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வேண்டும், அலாய் வீலின் இடைவெளியில் அந்தத் தகடு பளபளவென்று தெரிய வேண்டும் என்பது வசந்தின் ஆசை. நாகராசு மசியவில்லை. முன்னால் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்வுகிற நல்ல பேடும் போட்டால் போதும், பின்னால் கம்பெனி கொடுத்த, மூடிய டிரம் பிரேக்கே இருக்கட்டும் என்று ஒரே பிடியாக நின்றார். வசந்த் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கடைசியில் நாகராசு சொன்னதுதான் நடந்தது.

இன்று நாகராசையும் ஏற்றிக்கொண்டு சோதனை ஓட்டம். புதுக்கோட்டையிலிருந்து பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்துப் பழக்கிக்கொண்டே வந்தார்கள். திருமயம் கோட்டை பைரவரிடம் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். அந்த வழியில் போகிறவர்கள் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போவதில்லை.

ஆண்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் சரண்யா தன் பங்குக்கு வண்டியைக் கவனித்தாள். பானட்டில் சந்தனம், ஸ்டியரிங்கில் குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். விளக்கில் எரிந்த எண்ணெயை ஒரு அகல் நிறைய வாங்கி வந்து முன் சக்கரங்களுக்கு மனசார வைத்தாள். பின் சக்கரங்களில் வைக்கத் தோதான இடமே இல்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

முள் தொண்ணூறுக்குப் போனது. முன்சீட்டில் நாகராசு சக்கரத்தின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தார்.

"தம்பி, டிஸ்க்குல மட்டும் கைய வெச்சுறாதீங்க. கைப்பிசுக்கு பட்டாலே பிடிமானம் கொறையும். பெட்ரோல் போட்டுத் தொடச்சுத்தான் மாட்டியிருக்கேன். எண்ணெ கிண்ணெ பட்டுச்சு, தொலைஞ்சோம்."

சரண்யா எண்ணெய் மினுங்கிய தன் விரல்களைப் பார்த்தாள்.

அலாய் வீலின் இடைவெளியில் கையை விட்டு, அந்தப் பளபளத்த தகட்டில்தான் அவள் தடவியிருந்தாள். எது வண்டியை நிறுத்துமோ அதற்குத்தானே காப்பு வேண்டும் என்று, அகலில் மிஞ்சியதையும் அதன் மேலேயே ஊற்றியிருந்தாள். இரண்டு பக்கமும்.

தூரத்தில் ஒரு டவுன் பஸ் ஆள் இறக்க நின்றது. அதன் பின்னால் நறுக்கென்று நிறுத்திக் காட்டுவதாகச் சொன்ன வசந்த் வேகத்தைக் குறைக்கவில்லை.

சரண்யா பிள்ளையை அணைத்தபடி முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, கொறைங்க. அந்தத் தகட்டுல நான் எண்ணெ ஊத்திட்டேன்."

வசந்த் அதையும் ரேடியோவாகத்தான் எடுத்துக்கொண்டான். நாகராசு மட்டும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களைப் பார்த்தார்.

வசந்த் மிதித்தான். பிரேக் காலுக்குக் கல் மாதிரி இருந்தது. வண்டி நிற்கவில்லை.

பஸ்ஸின் பின்கண்ணாடி பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் இறங்கிய ஒரு பெண் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். சரண்யா பிள்ளையை நெஞ்சோடு அமுக்கிக் கண்ணை மூடினாள். பைரவரைக் கூப்பிடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்கை நாகராசு இரண்டு கையாலும் இழுத்தார். பின்னால் டயர்கள் அலறின. வண்டி வாலை ஒரு ஆட்டு ஆட்டி, ஓரத்து மண்ணில் இறங்கி, பஸ்ஸைத் தொட ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

இலக்கியா விழித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள்.

வசந்த் இறங்கி, முன் டிஸ்க்கின் அருகில் முகத்தைக் கொண்டுபோனான். நல்லெண்ணெய் கருகிய வாடை குப்பென்று வந்தது.

நாகராசு பின்பக்கம் போனார். ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள் கிடந்தன. அவை முடிகிற இடத்தில் பின் சக்கரங்கள், சந்தனம் குங்குமம் எதுவும் இல்லாமல், வெறும் புழுதியோடு நின்றன.

"இங்கிட்டு ஏந்தங்கச்சி வைக்கல?"

"மூடியிருந்துச்சுண்ணே," என்றாள் சரண்யா. "தகடே வெளிய தெரியல. தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பேன்."

நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் கேட்டிருந்த வசந்த் அதைக் கேட்டதும் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.