டாக்டர் மலர்க்கொடி

"இன்னும் இன்னாத்துக்கு மலரு யோசிச்சிகினு கீறே?" கணவன் குணசேகரன் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். "மனிதவள மேலாண்மைல டாக்டர் பட்டத்துக்குப் படிக்க சீட்டு! நம்ம வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல யாருக்குக் கெடைச்சிருக்கு?"

மலர்க்கொடி எர்ணாவூர் ஃபேக்டரி ஒன்றில் பர்சனல் ஆபீசர். ஒரு வாரமாக இதே பேச்சுத்தான்.

"புள்ளைய நான் பாத்துக்கறேன். உங்க எம்.டி.யே படிக்கச் சொல்றாரு, அப்பறம் இன்னா பேஜாரு? அவரு சொன்னத இன்னொரு தபா சொல்லு."

"'உங்க திறமைக்கு இந்த எடம் பத்தாது. வேலைய வுட்டுட்டு நிம்மதியா படிங்க. நம்ம கதவு உங்களுக்கு எப்பவும் தொறந்தே இருக்கும்'னாரு."

"தங்கமான மனுஷன்! வேற எவன் இப்படிச் சொல்லுவான்?"

"நான் சொல்லுவேன்."

குணசேகரன் புரியாமல் பார்த்தான்.

"ஆள் கொறைக்கிறப்ப யாரையும் போன்னு சொல்லக் கூடாது, அவங்களே சந்தோஷமா எழுதிக் குடுத்துட்டுப் போவணும்னு எம்.டி.க்கு அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஃபிட்டர் பீம்ராவ் கிட்டயும் அதையேதான் சொன்னேன். திறமைக்கு எடம் பத்தாது, சொந்தமா பட்டறை போடுங்க, கதவு தொறந்தே இருக்கும்னு."

"தெனம் உங்க கேட்டாண்ட ஆர்டர் கேட்டு நின்னுகினு கீறாரே, வாட்ச்மேன் கூட உள்ள வுடமாட்டானே, அவரா?"

"அவரேதான்."

அவன் கையிலிருந்த பெட்டியையே மலர்க்கொடி பார்த்தாள்.

"நான் சொன்ன அன்னிக்கு, அவரும் ஸ்வீட் பாக்ஸோடதான் வந்தாரு."