எடம் போட்டு வைங்க

இசை விருது விழாவில் நட்சத்திரங்கள் எழுந்து போனால் டிவியில் காலி நாற்காலி தெரியக்கூடாது. ஓடிப்போய் அதில் உட்காருவதுதான் ஒன்பது வருடமாகப் புனிதவதியின் வேலை. உரியவர் வந்ததும் சட்டென்று எழுந்துவிட வேண்டும்.

இந்த வருடம் நட்சத்திரங்கள் வரவே இல்லை. இனிமேல் இந்த விழாவே கிடையாது என்று சேனலில் பேச்சு. முதல் வரிசை முழுக்க இரவல் பட்டுப்புடவையில் புனிதவதியின் கூட்டாளிகள்தான்.

“சிறந்த புதுப் பாடகி, ஜெசிந்தா!” என்று மேடையில் அறிவித்தார்கள். புனிதவதி உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒட்டியிருந்த பெயர் அதுதான். யாரும் வரவில்லை. தொகுப்பாளர் கோப்பையோடு அசடு வழிந்தார். அப்போது பின்கதவிலிருந்து நனைந்த குடையோடு ஒரு பெண் ஓடிவந்தாள்.

“நான்தாங்க ஜெசிந்தா! பஸ்ஸு லேட்டாயிடுச்சு!”

பழக்கதோஷத்தில் புனிதவதி எழுந்துவிட்டாள். அவளைப் பார்த்து அவள் வரிசை எழுந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசைகள், பிறகு பால்கனி. மொத்த அரங்கமும் எழுந்து நிற்பதைக் கண்ட ஜெசிந்தா, குடையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். எங்கிருந்தோ ஒரு கைதட்டல் தொடங்கியது. அது அடங்க வெகுநேரமாயிற்று.

கோப்பையோடு இறங்கி வந்தவளுக்குப் புனிதவதி நாற்காலியைக் காட்டினாள். “உக்காரும்மா, உன் எடம்.”

“நீங்க உக்காருங்கக்கா. ஏழரை பஸ்ஸ விட்டா எங்க ஊருக்கு வேற பஸ்ஸே கெடையாது. அடுத்த வருஷம் சீக்கிரமே வந்துடறேன், எடம் போட்டு வைங்க.”

“போட்டு வைக்கிறேன்” என்றாள் புனிதவதி. ஜெசிந்தா போன பிறகு, நாற்காலியிலிருந்த பெயர்ச்சீட்டைக் கிழியாமல் உரித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.