பழைய பைக்கு

"தினமும் போன்ல போட உன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

நூறு நாளைக்கு முன்னால் அண்ணன் அவளிடம் கேட்ட கேள்வி இது.

அவளிடம் இருந்தது ஒரு தையல் மிஷின், ஒரு டப்பா நிறைய ஜிப், எந்தக் கந்தல் பையையும் தேற்றிவிடும் கை. கடை அண்ணனுடையது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு பீரோவைப் படுக்க வைத்தால் நிறைந்துவிடும் அளவு.

"நூறு நாள் தர்றேன். உன் போனைப் பார்த்துட்டு ஒரே ஒரு ஆள் இந்தத் தெருவுக்கு வரட்டும், கடை உனக்கு. இல்லேன்னா ஜெராக்ஸ்காரருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், அதெல்லாம் யாரு பார்க்கறா? நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கறதில்ல."

அவள் போட்டாள். காலை ஒன்பது மணி, ஒரு நாள் தவறாமல். காய்ச்சல் அடித்த நாளிலும் போட்டாள். சித்தப்பா மகள் கல்யாணத்தன்று மண்டபத்து மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொண்டு போட்டாள்.

முகம் காட்டக் கூச்சம். படம் போடக் கூச்சம். கடைக்குப் பெயர் வைப்பதற்குக்கூடக் கூச்சம். போனில் திறந்த பக்கத்துக்கு 'பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்' என்று பெயர் கொடுத்தாள். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஆக, போடுவதற்கு இருந்தது ஒரே ஒரு வரி.

அதையும் அவள் தட்டி எழுதவில்லை. எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்ற பயம். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று பாடம் படித்தால் 'பழம்' என்பது அவள் வாயில் 'பலம்' ஆகிவிடும். வகுப்பே 'பலம், பலம்' என்று மேஜையைத் தட்டும். ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்தவள் மறுபடி போகவில்லை.

போன் அப்படியெல்லாம் சிரிக்காது. கதவைப் பாதி சாத்திக்கொண்டு அவள் சொல்வாள், அது எழுதிக்கொள்ளும்.

உங்கள் பழைய பைக்குப் புது வாழ்வு.

சொன்னதும் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். போனதைத் திரும்பப் படிக்கவும் கூச்சம்.

போகிற வழியில் திறந்த கதவைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். நாலு ஜிப், ஒரு பிடி. போனைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நூறாவது நாள் அண்ணன் எட்டே முக்காலுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பது அடித்தது. அவன் எதிரே அவளுக்கு வாய் வரவில்லை. ஒன்பதே கால். ஒன்பதரை.

"என்ன, யாராவது வந்தாங்களா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஜிப் டப்பாவை மூடப் போன நேரத்தில் வாசலில் ஒரு குரல்.

"தங்கச்சி, மணி ஒன்பதரை ஆச்சே! இன்னைக்கு ஏன் இன்னும் போடல?"

பக்கத்துக் கடை பைக் மெக்கானிக். தோளில் கிழிந்த பைக் சீட்டு ஒன்று, கையில் இரண்டு. இரண்டு கடைக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். காலையில் அவள் போனோடு பேசுவது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

அவள் விழித்தாள். அவர் சீட்டுகளை இறக்கிவிட்டுத் தன் போனை நீட்டினார்.

அவள் முதல்முறையாகப் படித்தாள்.

உங்கள் பழைய பைக்குப் புது வால்வு.

தொண்ணூற்றொன்பது நாளும் அதேதான்.

பை வண்டியாகிவிட்டிருந்தது. வாழ்வு டயருக்குள் போய்விட்டிருந்தது.

அண்ணனும் எட்டிப் பார்த்தான். ஏனோ சிரிக்கவில்லை.

மெக்கானிக் நிறுத்தவே இல்லை. "காலையிலயே வண்டியைத் தள்ளிக்கிட்டு வரிசையா நிக்கறாங்க, தங்கச்சி. எனக்காக ஒரு நாள் விடாம இப்படிப் போடறீங்களே, நன்றி சொன்னா ஓடி ஒளிஞ்சுக்குவீங்கன்னுதான் சும்மா இருந்தேன். வர்ற வண்டியெல்லாம் கிழடு, சீட்டெல்லாம் கிழிசல். இனிமே அதெல்லாம் உங்க கைக்குத்தான்."

அவள் காது சூடாகியது. மேஜை தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை. வந்தது அவளுடைய சிரிப்புதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "வந்தாங்க, நின்னாங்கன்னு யாரு வேணா சொல்லலாம். அந்த மாதிரி ஒரு ஆளை என் கண்ணுக்குக் காட்டுங்க, பார்ப்போம்."

மெக்கானிக் அப்போதுதான் நாற்காலியில் இருந்தவனைச் சரியாகப் பார்த்தார். வெளியே நின்ற கறுப்பு வண்டியைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாயிற்று.

"அட, சார்! மூணாவது நாளே போனைக் காட்டிக்கிட்டு முதல் ஆளா வந்தவரே நீங்கதானே! வால்வு இப்ப எப்படி இருக்கு?"

அவள் மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் எழுந்தான். கடைக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டினான். முன்கண்ணாடியை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனான்.