கழுதையின் கூலி

மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்குச் சரக்கு போக ஒரே வழி, கழுதையின் முதுகுதான். அணிலின் வாதாங்கொட்டையும் அதில்தான் போகும், பெருச்சாளியின் வாதாங்கொட்டையும் அதில்தான் போகும். ஏற்றுகிற கொட்டையில் ஒரு பங்கு கழுதைக்குக் கூலி.

அணிலுக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு கொட்டையையும் நுனியில் கடித்துப் பார்த்து, சொத்தை இல்லை என்று தெரிந்தால்தான் மூட்டையில் போடும்.

ஒருநாள் கழுதை, "கூலி இனிமே ரெண்டு மடங்கு, அணிலம்மா," என்றது.

"ஏண்ணே?"

"மலை ரொம்பச் செங்குத்தா இருக்கு."

"நேத்தும் இதே மலைதானே?"

கழுதை காதை ஆட்டிக்கொண்டது.

பெருச்சாளிக்கு மட்டும் மலை செங்குத்தாகவில்லை போலிருக்கிறது. அதன் சரக்கு மலிவாகவே விற்றது. மழைக்காலம் முடிவதற்குள் அணில் வியாபாரத்தை மூடிவிட்டு, பெருச்சாளியின் கிடங்கிலேயே ஓடு உடைக்கப் போனது.

அந்த வருஷம் பெருச்சாளி ஏழைகளுக்கு இலவசமாகக் கொட்டை வழங்கியது. தர்மப்பிரபு என்று காடே புகழ்ந்தது. வரிசையில் நின்ற அணிலின் கைக்கும் ஒரு கொட்டை வந்தது. அதன் நுனியில் பல் தடம் இருந்தது.

அணில், மூட்டை சுமந்து நின்ற கழுதையை நிமிர்ந்து பார்த்தது.

"உன்கிட்ட வாங்குற கூலியில பாதியை அவருக்குக் குடுத்தாத்தான் அவர் சரக்கைச் சுமக்க எனக்குத் தருவேன்னாரு," என்று கழுதை முணுமுணுத்தது.

"கொட்டை நல்லா இருக்காம்மா?" பெருச்சாளி அன்பாகக் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கும், ஐயா. நான் கடிச்சுப் பார்த்ததுதான்."

"சந்தோஷம்," என்றது பெருச்சாளி. "அடுத்த ஆள் வரலாம்."