பூதக்கண்ணாடி அனுப்பிய பட்டியல்

இது நான் நேரில் பார்த்தது இல்லை. நண்பன் ஒருவன் சொல்லக் கேட்டது. அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

நண்பனின் அக்கா, கம்ப்யூட்டரில் போட்டு வைத்து மெயில் படிக்கிற ஒரு மென்பொருளைத் தனி ஆளாக எழுதி விற்று வந்தாள். வாங்கியவர்களுக்குப் பதில் எழுதுவது தம்பியின், அதாவது என் நண்பனின் வேலை. அலுவலகம் என்று பெயர்தான். வீட்டில் துணி காயப்போடும் அறை அது. "மெயில்தான் சும்மாவே கிடைக்குதே, இதை யாரு வாங்குவா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

அப்படியும் வாங்கியவர்களில் ஒருவருக்குத் தம்பி வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஐந்து மாதமாக, வாரம் தவறாமல் அவரிடமிருந்து புகார் வரும். வணக்கம் இருக்காது, நன்றி இருக்காது. அச்செடுத்தால் கடைசி வரி வெட்டுப்படுகிறது. லேப்டாப்பை மூடினால் பாதி எழுதிய கடிதம் காணாமல் போகிறது. பழைய கடிதங்களை இதற்குள் கொண்டுவந்தால் முப்பதாயிரத்தோடு நின்றுவிடுகிறது.

"ஒரு வாரம் எழுத்து பெரிசா வேணும்கிறார், மறுவாரம் சின்னதா வேணும்கிறார். இந்த மனுஷனுக்கு எத்தனை ஜோடி கண்ணுக்கா?"

"சொன்ன குறை இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப வாயை மூடிக்கிட்டு லிஸ்ட்டைக் கொடு."

உண்மையான தலைவலி வேறு பக்கம் இருந்தது. ஒரு பெரிய மெயில் நிறுவனம் வருட ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டது. தங்கள் பரிசோதனையில் தேறாத மென்பொருளுக்குக் குறிப்பிட்ட ஒரு ஒன்றாம் தேதி முதல் கதவு திறக்காது. அக்காவிடம் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த நிறுவனத்தின் மெயில்தான். தேறாவிட்டால் ஆறு வருட உழைப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் ஒரே பதில்: "விளக்கம் போதவில்லை." எது போதவில்லை என்று கேட்க அந்தப் பக்கம் ஒரு மனிதக் குரல்கூட இல்லை. பாக்கி இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு, பதினைந்து நாள்.

அந்த வாரம்தான் தம்பி அதைக் கண்டுபிடித்தான். எந்த மெயிலுக்குள்ளும், அது எந்த மென்பொருளில் எழுதப்பட்டது என்று ஒரு வரி பதிந்திருக்கும். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியின் மெயிலை ஏதோ சந்தேகத்தில் குடைந்து பார்த்தான். இவர்களுடைய போட்டி மென்பொருளின் பெயர் இருந்தது. பக்கத்தில், இன்னும் வெளியே வராத பதிப்பின் எண். வெளியே வராதது யார் கையில் இருக்கும்? எழுதியவர் கையில்தான்.

"வேவு பார்க்கிறார்க்கா. நம்ம அடுப்பில என்ன வேகுதுன்னு தினமும் மூடியைத் திறந்து பார்த்திருக்கார்."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. முதலில் பரிசோதனை, மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு ஆறவில்லை. அவளுக்குத் தெரியாமல் நாலு வரி எழுதி அனுப்பினான். நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டது, இனி உங்கள் கடையை நீங்கள் பாருங்கள், எங்கள் கடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. வழக்கம்போல வணக்கம் இல்லை. திட்டியதற்குப் பதிலும் இல்லை. பரிசோதனையில் பார்க்கும் பதினோரு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன காட்ட வேண்டும் என்ற குறிப்பு. ஏழாவதன் கீழே மட்டும் கூடுதலாக ஒரு வரி: "நான் விழுந்தது இங்கேதான். ஒரு கடிதத்தை அழித்தால் எங்கெங்கே அழிகிறது என்று வீடியோ எடுத்துக் காட்டுங்கள்."

"குழி தோண்டறார்க்கா. நம்பாதே."

அக்கா மூன்று முறை படித்தாள். "குழி தோண்டறவன், தான் எங்கே விழுந்தேன்னு சொல்லமாட்டான்டா," என்றாள்.

நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினாள். கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, தம்பி காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில், அனுமதி வந்தது. அக்கா நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். சத்தம் கேட்டு வந்த அம்மாவிடம், "பாஸாயிட்டேம்மா," என்றாள்.

"இன்னுமாடி பரீட்சை எழுதறே?" என்று கேட்ட அம்மா, ஒன்றும் புரியாமலே இவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

போட்டிக்காரர் ஒன்றாம் தேதியோடு கடையை மூடிவிட்டார். அங்கிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். தம்பி பூதக்கண்ணாடிக்கு நன்றி சொல்லி எழுதினான். பதில் வந்தது: "மூன்று குறைகள் இன்னும் பாக்கி."

இதைச் சொல்லி முடித்தபோது நண்பனுக்கு ஒரே பெருமை. "நான் எழுதின நாலு வரி சுருக்குன்னு தைச்சிருக்கும். அதான் கடைசி நேரத்தில மனசு மாறிட்டார்," என்றான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் அலுவலகக் காசாளர் பல வருடம் அந்தப் போட்டி மென்பொருளை வைத்திருந்தவர். அவரிடம் விசாரித்தேன். அதை எழுதியவர் எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பிய ஒரு மெயிலைத் தேடி எடுத்துக் காட்டினார். தேதியை நண்பனிடம் கேட்டு ஒத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடியின் முதல் புகாருக்கு முந்தின நாள்.

"பரிசோதனையில் நான் தேறவில்லை. கெடு வந்ததும் கடையை மூடிவிடுவேன். அக்காவும் தம்பியுமாக ஒரு நல்ல மென்பொருள் நடத்துகிறார்கள். உங்களை அங்கே குடிவைக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே உங்களுக்கு எது குறையாக இருக்கும் என்று எனக்கு எழுதுங்கள். அவர்களை நச்சரித்துச் சரிசெய்ய வைப்பது என் பொறுப்பு."