அம்மா நினைத்த சொல்

ஜன்னல் கம்பிகளின் நிழலை மாலை வெயில் மேஜைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவனை மகள் முதல் தடவையாக வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். அம்மா தலையசைத்தால்தான் கல்யாணம். அம்மாவோ அரைமணி நேரமாக அவனை "சார்" என்றே கூப்பிடுகிறாள். பேச்சு வற்றிப்போனதும் அவன், "ஏதாவது ஒரு புக் குடுங்கம்மா. நீங்க மனசுல நினைக்கிற வார்த்தைய நான் சொல்றேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டான். வழக்கமாக அவனே பக்கத்தைப் புரட்டிக் காட்டுவான், அப்போதே ஓரக்கண்ணால் சொல்லைத் திருடிவிடுவான். மகளுக்கு அது தெரியும். அம்மா லேசுப்பட்டவள் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தைத் தானே பிரிக்கிறாள், ஒரு சொல்லைப் பார்க்கிறாள், மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொள்கிறாள். "நினைச்சாச்சு சார். சொல்லுங்க." மானம் கப்பலேறப் போகிறது என்று தலையைக் குனிந்த மகள், அப்போதுதான் அம்மாவின் மடியைக் கவனிக்கிறாள். முப்பது வருஷம் கோர்ட்டில் டைப் அடித்த விரல்கள், நினைத்த சொல்லை முழங்கால்மேல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. டைப்ரைட்டர் பழுதுபார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அவன் பார்வையும் அங்கேதான் இருக்கிறது. "ஒட்டகம்" என்கிறான் மெதுவாக. அம்மா அவன் பார்வை போன வழியே இறங்கி, தன் விரல்களில் வந்து நிற்கிறாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்கிறாள். "இருங்க, கையக் கட்டிக்கிட்டு இன்னொண்ணு நினைக்கிறேன். அதையும் சொல்லுங்க பாக்கலாம், மாப்பிள்ளை."