ஏழு மோட்டாரும் ஒரு பல்பும்

"மாப்ள, ஒரு அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்துய்யா! என் மக கல்யாணமே உன் கையிலதான் இருக்கு!"

வரப்பில் நின்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார் தவசி. கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மொக்கைச்சாமி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"பொண்ணு பாக்க வாரவுகளுக்கும் என் மோட்டாருக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"போன தடவ நடந்தது மறந்துபோச்சா?"

மறக்குமா? கீழக்குயில்குடியே வயிறு வலிக்கச் சிரித்த கதை ஆயிற்றே! ஊருக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்து மாற்றாத பழைய லைன். சாயங்காலம் வயலில் ஏழு மோட்டாரும் ஓடினால், வீட்டில் பல்பு எங்கே இருக்கிறது என்று தடவித்தான் பார்க்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் பெண்ணின் முகம் தெரியாமல், மாப்பிள்ளையின் சித்தப்பா டார்ச் லைட்டை எடுத்து, தவசியின் மகள் ஜெயக்கொடியின் முகத்தில் அடித்துவிட்டார். பஜ்ஜித் தட்டோடு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. சம்பந்தம் அன்றோடு முறிந்தது.

"லைன மாத்தச் சொல்லி ஒங்க மக கரண்டு ஆபீசுக்கு மாசம் ஒரு கார்டு போடுதுல்ல, என்னாச்சு?"

"மூணு வருசமாப் போடுறா, ஒரு பதிலக் காணோம். நீ நிறுத்துய்யா, நேரமாச்சு!"

மொக்கைச்சாமி சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். மற்ற ஆறு பேரும் தவசியின் முகத்துக்காக முன்பே நிறுத்திவிட்டு, மோட்டார் ரூம் வாசலில் காத்திருந்தார்கள்.

வயலை ஒட்டிய வீட்டுக்குத் தவசி ஓடி வந்தபோது கூடத்துப் பல்பு கண்ணைக் கூச வைத்தது. இத்தனை நாள் அலங்காரமாகத் தொங்கிய ஃபேன் சர்ரென்று சுற்றி, காலண்டரைச் சுவரில் படபடக்க வைத்தது.

"இது ஏமாத்துப்பா" என்றாள் ஜெயக்கொடி.

"தாலி ஏறுற வரைக்கும் ஏமாத்தலாம். நீ வாயத் திறக்காத!"

ஆறரை மணிக்குத் தரகர் பேயாண்டி, மாப்பிள்ளை வெள்ளைத்துரையையும் அவன் தாய் சீனியம்மாளையும் அழைத்து வந்தார். மாப்பிள்ளைக்கு மதுரையில் கவர்மெண்ட் வேலை என்ற ஒன்றே தவசிக்குப் போதுமாயிருந்தது. என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

காப்பியோடு வந்த ஜெயக்கொடியைப் பார்த்ததும் சீனியம்மாளுக்கு வாயெல்லாம் பல். "பொண்ணு என்னா லட்சணம்!"

தவசிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வாடிக்கொண்டே போனது.

"இங்க எப்பவும் இம்புட்டு வெளிச்சம் இருக்குமா?"

"எப்பவுமே இப்படித்தான் தம்பி! ராத்திரியெல்லாம் பகல் மாதிரிதான்!"

"லோ வோல்டேஜே கிடையாதா?"

"அப்படின்னா என்னான்னே எங்களுக்குத் தெரியாது!"

ஜெயக்கொடி அப்பாவை முறைத்தாள். வெள்ளைத்துரை எழுந்துவிட்டான்.

"வாம்மா, போகலாம்."

சீனியம்மாள் திகைத்தாள். "இந்தப் பொண்ணுதான் வேணும்னு ஆறு மாசமா ஒத்தக்கால்ல நின்னது நீதானடா?"

"நின்னேன். இப்ப வேணாம்." சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டுப் போஸ்ட் கார்டை எடுத்தான். "நான் கரண்டு ஆபீசுல இன்ஜினியர். காற்றாலைக் கரண்டெல்லாம் வரப்போகுது, அதுக்குள்ள பழைய லைன மாத்தணும்னு எங்களுக்கு உத்தரவு. எந்த ஊர மொதல்ல எடுக்கலாம்னு மனுக்களப் பாத்தப்ப இது கெடச்சுச்சு. 'ஐயா, எங்கள் வீட்டில் பல்பு எரிகிறதா என்று பார்ப்பதற்கு மெழுகுவத்தி ஏற்றுகிறோம்.' படிச்சுப் படிச்சுச் சிரிச்சேன். கட்டுனா இத எழுதுன பொண்ணத்தான் கட்டணும்னு வந்தேன். அம்புட்டும் பொய்யி! லைனும் வேற ஊருக்கே போகட்டும்."

"பொய் சொல்றது என் கார்டு இல்ல, இந்தப் பல்பு!" என்று வெடித்தாள் ஜெயக்கொடி.

அவ்வளவுதான். தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"எலேய் மொக்கைச்சாமி! ஏழு மோட்டாரையும் போடுங்கடா!"

வயலில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறுமின. ஃபேன் நின்றது. பல்பு மஞ்சளாகி, சிவந்து, பீடி நுனி அளவுக்குச் சுருங்கியது.

மாப்பிள்ளை தன் பைக்குள் கைவிட்டு டார்ச் லைட்டை எடுத்தான். தவசி ஓடி வந்து மகளின் முகத்தைத் துண்டால் மறைத்தார். அவனோ வெளிச்சத்தைப் பல்பின் மேல் அடித்து, எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்: "இந்தப் பொண்ணேதாம்மா!"